அருவிக்குப் பக்கத்தில் நிற்கும் ஞானசேகரம்

சிரிப்பு ஒன்று இருக்கிறது, அதை முதலே சொல்லி வைக்கிறது நல்லது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, பக்கத்தில் இருக்கிறவரின் தோளில் ஓங்கி அடித்துச் சிரிக்கிற சிரிப்பு. ஆனால் உடனே கிடைக்காது. விதுசாவுக்கே அது உடனே கிடைக்கவில்லை. பதினாறு வயதுக்குள் அவள் செய்த பகிடிகளிலேயே ஆகத் திறமானது இதுதான் என்றும், இது பலிக்க வேண்டுமென்றால் தான் மட்டும் சிரிக்கவே கூடாது என்றும் அவளுக்குத் தெரியும். அதனால் தொண்டைவரைக்கும் வந்ததை ஒரு தோடம்பழ இனிப்பைப் போல நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு, கட்டடத்தின் அடியில், கெல்லர் என்று எல்லோரும் சொல்கிற நிலவறையில், உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கு முன்னால், கவிழ்த்து வைத்த கூடையின்மேல் குந்தியிருந்து, தன் இலக்கம் தெரியாதபடி மறைத்து, நாலு மாடிக்கு மேலே குசினியில் நிற்கிற தன் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். மணி போனது. வெறுங்காலில் சீமெந்துத் தரை குளிர்ந்தது. மெஷின் மெல்ல மெல்ல உருண்டுகொண்டிருந்தது, அப்பாவின் வெள்ளைச் சமையல் சட்டைகள் கண்ணாடிக்குள்ளே ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு சுற்றின. இந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தோய்க்கிற நாள் ஒன்று உண்டு, இன்றைக்கு அவர்களுடையது. இந்த நாளை விட்டால் பிறகு இரண்டு கிழமை அழுக்கோடு இருக்க வேண்டியதுதான் என்று இரண்டாம் மாடி ஸ்பிண்டன் கிழவியின் குரலில், அந்த அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு மெஷினின் வாயைத் தடவிப் பஞ்சு தேடுகிற அதே குரலில், விதுசா தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துத் தொண்டையைச் சூடாக்கிக்கொண்டாள்.

குரல்கள் அவளிடம் தாமாக வந்து ஒட்டும், கம்பளிச் சட்டையில் நாய் மயிர் ஒட்டுகிற மாதிரி. ஞானசேகரத்தை அவள் மூன்று ஆட்களிடமிருந்து எடுத்துப் பிசைந்திருந்தாள். மூக்கு தமிழ்க்கடைப் பொன்னையா மாமாவுடையது, சளித் தடிமன் இல்லாத நாளிலும் தடிமன் பிடித்த மூக்கு. இழுவை கோயில் மைக்கில் அறிவித்தல் சொல்கிறவருடையது, வாசலை மறித்து நிற்கிற காரை எடுக்கச் சொன்னாலும் தேவாரம் மாதிரி இழுக்கிறவர். பதறாத அமைதி மட்டும் ரயிலில் அடுத்த தரிப்பிடம் சொல்கிற பெண்ணுடையது. இந்தக் குரல் வித்தை என்ர பக்கத்துச் சொத்து என்று அப்பா சொல்லிக்கொள்வார். ஒரு கலியாண வீட்டில் யாரோ ஒரு மாமி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விதுசாவிடம், உன்ர கொம்மா பள்ளிக்கூடத்தில அதிபரின்ர குரலில லீவு அறிவிச்சு முழுப் பள்ளிக்கூடத்தையும் வீட்ட அனுப்பினவ, தெரியுமே பிள்ளை, என்று சொன்னபோது, அவவுக்கு வேற வேலையில்லை என்று அம்மா மாமியின் தட்டில் இன்னொரு வடையை வைத்தாள். அதோடு அந்தக் கதை முடிந்தது. அம்மாவாவது குரல் மாற்றுவதாவது. அம்மாவிடம் இருந்தது ஒரே ஒரு குரல், அது கறிக்கு உப்புக் காணுமோ என்று கேட்கிற குரல். அந்தக் குரல்தான் இப்போது மணியை வெட்டிக்கொண்டு வந்து, "ஹலோ" என்றது.

"வணக்கம், வணக்கம், அன்பார்ந்த தங்கச்சி. ஞானசேகரம் கதைக்கிறன். கோட்டை பாக்க, ஏரி பாக்க ஆள் வேணுமெண்டு கடையில சொல்லிவிட்டனீங்களாம். பயப்பிடத் தேவையில்லை. எல்லாம் ஞானசேகரத்தின்ர பொறுப்பு." கடைசி வரியை அவள் நேற்று முழுக்கக் குளியலறையில் பழகியிருந்தாள். மேலே அடுப்பில் ஏதோ சீறியது. பிறகு அம்மா, "ஆ, அண்ணையே" என்றாள். அண்ணை. பெற்ற தாய் தன்னை அண்ணை என்கிறாள். இனிப்பு நாக்கை விட்டு வழுக்கியது, விதுசா கன்னத்தை உள்ளே கடித்துப் பிடித்தாள், இதை மச்சாள் துளசிக்கு நடித்துக் காட்டுகிறபோது இந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்றுகூட ஒரு கணம் யோசித்தாள். அந்தக் கணம் பார்த்து மெஷின் வேகம் பிடித்தது. அதற்கு ஒரு கால் கட்டை. சுற்றத் தொடங்கினால் முழு உடம்பும் ஆடும், தட்டென்று நிலத்தை உதைக்கும், ஒரு கீச்சுச் சத்தம் போட்டு மறுபடியும் உதைக்கும். அம்மாதான் போன வருசம் பால் பெட்டி மட்டையை நாலாக மடித்து அந்தக் காலுக்கு அண்டை கொடுத்தவள். "பின்னால என்னண்ணை சத்தம்?" என்று அம்மா கேட்டாள். "அது அருவி, தங்கச்சி. ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்து அருவிக்குப் பக்கத்தில நிக்கிறன்." "பெரிய அருவியாக்கும்." "சும்மா இல்லை, தங்கச்சி. முழுக்க நனைஞ்சுபோனன்." "கவனம் அண்ணை, காலில ஒண்டும் போடாமல் நிண்டால் தடிமன் பிடிக்கும்" என்றாள் அம்மா. விதுசா ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின்மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டு, ஓம் ஓம் என்று மூக்கால் சொன்னாள்.

இந்தப் பயணம் எங்கேயிருந்து முளைத்தது என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் தூன் ஏரிக்கரை ஹோட்டலில் அம்மா கட்டில் விரிக்கப் போனது விதுசா பிறக்க முந்தி. ஒவ்வொரு அறையின் ஜன்னலிலும் ஏரி, ஏரிக்கு அங்கால பனி மூடின மலை, இங்கால தண்ணீருக்குள்ளே ஒரு காலை வைத்தபடி சின்னக் கோட்டை. அம்மா கட்டிலின் பக்கம் திரும்பி நின்று வேலை செய்தாள். ஜன்னல் கண்ணாடியில் விரல் அடையாளம் இருந்தால் துடைத்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், கண்ணாடிக்கு வெளியே பார்க்கிறது அவளுடைய வேலையில் சேர்த்தியில்லை. அப்படி வருசக்கணக்காகக் கேட்காதவள் போன மாதம் சோற்றைப் பிசைந்துகொண்டே, எனக்கு அந்தக் கோட்டையளையும் ஏரியளையும் ஒருக்காப் பாக்கவேணும் என்றாள். பஸ்ஸில் கும்பலோடு வேண்டாமாம். தனிக் கார் வேண்டுமாம், கூட வந்து தமிழில் சொல்ல ஒரு ஆளும் வேண்டுமாம். இதென்ன ராணியின்ர ஊர்வலமோ, படத்தில பாக்கலாமே என்றார் அப்பா. படத்தில பாத்துப் பிரயோசனமில்லை என்றாள் அம்மா, அதோடு எழும்பிப் போய்க் கை கழுவினாள், போகிற போக்கில் கதவு நிலையில் தோள் இடித்தது. விதுசா உடனே எழும்பித் தன் தோளையும் அதே மாதிரி இடித்துக் காட்டினாள். அப்பா புரையேறச் சிரித்தார். ஏன் இப்போது இது நினைவுக்கு வருகிறது, இப்போது நினைக்க வேண்டியது கார் வாடகை குறைக்கச் சொல்லி அம்மா பேரம் பேசப்போவது, புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வரலாமோ என்று கேட்கப்போவது, இரண்டுக்கும் பதில் பாடமாக்கி வைத்திருக்கிறது, கேட்கட்டும், கேட்டால் சிரிப்பு தானாக வந்து சேரும்.

அம்மா கேட்டது வேறு. "கோட்டைக்குள்ள வெளிச்சம் எப்பிடி, அண்ணை?" என்று கேட்டாள். வெளிச்சம். ஜன்னல் இருக்கு தங்கச்சி, விளக்கு இருக்கு, என்று ஞானசேகரம் இழுத்தான். அவன் இப்போது விதுசாவை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று தானாகவே கதைத்தான், நல்ல குரல் என்றால் அப்படித்தான், ஒரு கட்டத்துக்குப் பிறகு அது தன் வழியில் போகும். "அப்ப உள்ளுக்குப் போகவேண்டாம். வெயில் முகத்தில விழுற நேரமாப் பாத்துக் கோட்டையை வெளியில நிண்டு காட்டுங்கோ. பேந்து மலைக் காட்டுக்குள்ள நீல ஏரி ஒண்டிருக்காமே, அடியில கிடக்கிற மரமெல்லாம் தெரியுமாமே, அங்க உச்சி வெயிலுக்குப் போகவேணும். பொழுதுபட முந்தித் திரும்பிப்போடவேணும்." சரி தங்கச்சி. "இறங்கிற படியள் என்ன நிறம்?" படியின் நிறமா. கல்லுப் படி தங்கச்சி, கல்லு நிறம். "சாம்பல் கல்லில சாம்பல் படியெண்டால் எது எங்க முடியுதெண்டு எனக்குத் தெரியாது, அண்ணை. அப்பிடியான இடத்தில என்ர கையைப் பிடிக்கவேணும். பக்கத்தால நீட்டக்கூடாது, எனக்கு முன்னால வந்து நீட்டவேணும். ராசா கதை, ராணி கதை ஒண்டும் வேண்டாம். அங்க பாருங்கோ எண்டு விரலாலையும் காட்டாதேங்கோ. வாயால சொல்லுங்கோ. கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் மேல, இப்ப நேர, எண்டு சொன்னால் நான் பிடிச்சிடுவன்." நூல் முள்ளில் மாட்டின மாதிரி விதுசாவுக்குள் ஒன்று மாட்டி நின்றது. பக்கத்தால நீட்டக்கூடாது. துளசியின் பிறந்தநாளில் அவள் செய்து காட்டிய அம்மா நடை, தேத்தண்ணீர்க் கோப்பையை எடுக்க மேசையில் உள்ளங்கையை வைத்து, கோப்பையில் முட்டும்வரைக்கும் கையை மெல்ல மெல்ல நகர்த்துகிற அம்மா கை, வெயிலிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் வாசலில் சாமி வந்தவள் மாதிரிக் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கிற அம்மா நிலை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவ்வளவு திறமாக, ஒரு மயிரிழை பிசகாமல் செய்திருந்தாள். கை எந்த இடத்தில் தயங்கும், எந்த விரல் முதலில் முட்டும் என்று எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது, அந்தக் கை ஏன் அப்படிப் போகிறது என்பது மட்டும் தெரியவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது எடுத்துப் பார்க்கவேண்டும் போலிருந்தது, அது எப்படித் தொடங்கியது, எங்கே முடிந்தது, ஆனால் எவ்வளவு தேடியும் அம்மாவின் சிரிப்பு மட்டும் அவளுடைய சேமிப்பில் இல்லை.

அப்போது விளக்கு அணைந்தது. கெல்லர் விளக்கு அப்படித்தான், சுவிட்சைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். நூறு தடவை அணைந்திருக்கிறது, நூறு தடவையும் அவள் பேய்க்குரலில் ஊளையிட்டு, மற்றவர்களை ஓடவிட்டு, சுவரைத் தடவி மறுபடியும் போட்டிருக்கிறாள். இந்த முறை கூடையைவிட்டு எழும்பவில்லை. இருட்டுக்குள்ளே அருவி நிலத்தை உதைத்தது, கீச்சிட்டது, உதைத்தது. "கண்ணின்ர ஓரப் பார்வையெல்லாம் எனக்குப் போயிட்டுது, அண்ணை" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள், உப்புக் காணுமோ என்கிற அதே குரலில். "முதல் இருட்டில தெரியாமல் போச்சு. அதாலதான் பின்னேர வேலையை விட்டுக் காலமை வேலைக்கு மாறினனான், காரும் ஓடுறதில்லை, வீட்டில பெற்றோல் விலை எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். இப்ப பகலிலையும் குழாய்க்குள்ளால பாக்கிற மாதிரி. நடுவில நல்ல வடிவாத் தெரியுது. நடு இருக்க முந்தித்தான் பாக்கவேணும். காரில எனக்குப் பின் சீட்டில நடு இடம் தாங்கோ, அங்கயிருந்துதான் நேர தெரியும்." மெஷினில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. விதுசா அதை நேரே பார்த்தாள். சுவரில் சுவிட்சின் சின்ன மஞ்சள் வெளிச்சம் இருக்கவேண்டும், வலப்பக்கத்தில், எங்கே அது, தலையைத் திருப்பாமல் பார்க்கவேண்டும், சிவப்பு மட்டும்தான் தெரிகிறது. கையைக் காதுக்குப் பக்கத்தில் தூக்கி விரல்களை ஆட்டினாள். தெரியவில்லை. இருட்டில் யாருக்கும் தெரியாதுதானே. எல்லோருக்கும் இப்படித்தானே இருட்டாக இருக்கும். யாரிடம் கேட்கிறது, உனக்கு இருட்டு எவ்வளவு இருட்டு என்று யாரும் யாரிடமாவது கேட்டிருக்கிறார்களா. போன மாதம் சினிமாவில் கதிரையைக் காணாமல் ஒரு தாத்தாவின் மடியில் போய் இருந்தது, அதைத் தாத்தாவின் குரலோடு சேர்த்துப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிச் சிரிக்கவைத்தது. அவள் வேண்டுமென்றா இருந்தாள். வேண்டுமென்று இருந்த மாதிரித்தான் எல்லோருக்கும் சொன்னாள். சொல்லிச் சொல்லி அவளுக்கே அப்படித்தான் ஆகிவிட்டது. கழுத்தைத் திருப்பினாள், மஞ்சள் வெளிச்சம் அங்கேயே இருந்தது, எப்போதும் இருக்கிற இடத்தில், முகத்தை முழுதாகத் திருப்பின பிறகு.

"அண்ணை, நிக்கிறியளோ?" என்றது மேலேயிருந்து வந்த குரல். நிக்கிறன் தங்கச்சி. "எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். உங்களை மாதிரியே நல்லாக் கதைப்பாள். டொக்டர் அவளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுறார். இது ரத்தத்தில வாறதாம், வேளைக்குப் பாத்தால் நல்லதாம். என்ர அப்பா பின்னேரத்தில வேலியைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்து வருவார், குடிகாரன் எண்டு ஊர் சொல்லிச்சு. வாயில ஒரு துளி வைச்சறியாத மனுசன். அவருக்கு இதுதான் எண்டு எனக்கே இப்பத்தான் விளங்குது. மகளுக்கு இருக்கோ இல்லையோ தெரியாது. இல்லாமலும் இருக்கலாம், இல்லாமல் இருக்கவேணும். ஆனால் பாக்கவேணும்." பிறகு? "பிறகென்ன, சொல்லப் போனால் நான் வாயைத் திறக்க முந்தி என்ர முகத்தை என்னட்டையே செய்து காட்டுவாள். எல்லாரும் சிரிப்பினம். நானும் சிரிச்சிடுவன், அண்ணை, அதுதான் கரைச்சல், அவள் அவ்வளவு நல்லாச் செய்வாள். மூண்டு தரம் தொடங்கி மூண்டு தரமும் சிரிச்சு முடிஞ்சுது." உண்மைதான். ஒருமுறை சோபாவில், விது, இஞ்ச வா, உன்னட்டை ஒண்டு கதைக்கவேணும் என்று அம்மா சொன்னதும், அவளும் மடியைச் சரிசெய்துகொண்டு, விது, இஞ்ச வா, உன்னட்டை ஒண்டு கதைக்கவேணும் என்றாள், அம்மாவின் இடது புருவத்தோடு. அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, கண்ணைத் துடைத்து, ஒண்டுமில்லைப் போ என்றாள். கண்ணைத் துடைத்தாள். "நீங்கள் நாலு ஆக்களோட பழகின பெரிய மனுசன். அதால கேக்கிறன். அவளிட்ட எப்பிடிச் சொல்லுறது? சொன்னால் வருவாளோ?"

இதற்கு ஞானசேகரம் பதில் சொல்லக்கூடாது. அவள் சொல்லவேண்டும். அம்மா, நான்தான், என்று மட்டும் சொன்னால் போதும், மூன்று வயதுப் பிள்ளை சொல்கிற வசனம். விதுசா வாயைத் திறந்து தன் குரலைத் தேடினாள். பொன்னையா மாமா இருந்தார், ஸ்பிண்டன் கிழவி இருந்தாள், கணித வாத்தியார் இருந்தார், அடுத்த தரிப்பிடம் சொல்கிறவள் அமைதியாக நின்றாள், இவர்களுக்குப் பின்னால் எங்கேயோ தன்னுடையது இருக்கவேண்டும், அதை எங்கே வைத்தாள், இருட்டில் கையை வைத்து மெல்ல மெல்ல நகர்த்தித்தான் எடுக்கவேண்டும், எது முதலில் முட்டுமோ அது. முட்டினது ஞானசேகரம்தான். "வருவா, தங்கச்சி" என்றான் அவன். மூக்கில் இப்போது உண்மையாகவே தடிமன் இருந்தது. "சத்தியமா?" "சத்தியமா வருவா. என்ன நாளெண்டாலும் வருவா. பகிடி விடமாட்டா." "அப்ப சரி அண்ணை. வாற செவ்வாய்க்கு டொக்டரிட்ட. அது முடியப் பயணம். உங்கட வாக்கை நான் பிடிச்சுக்கொள்ளுவன்." பிடிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி, பயப்பிடத் தேவையில்லை, எல்லாம், என்று அவன் தன்னுடைய பாட்டைத் தொடங்கினான், பயப்பிட என்றதற்குமேல் வரவில்லை. பயப்பிட. பயப்பிட. இனிப்பு எப்போதோ கரைந்துபோயிருந்தது. மெஷின் கடைசியாக ஒருமுறை நிலத்தை உதைத்து, நீளமாகக் கீச்சிட்டு, ஓய்ந்தது. குழாயில் தண்ணீர் இறங்கிப் போகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. அப்படியொரு அமைதியில், நாலு மாடிக்கு மேலே அடுப்பு அணைக்கப்படுகிற சின்னச் சொடுக்குக்கூடத் தொலைபேசிக்குள்ளே தெளிவாகக் கேட்டது.

பிறகு ஞானசேகரம் பேசினான். பொன்னையா மாமாவின் மூக்கு, கோயில் மைக்கின் இழுவை, ரயில் பெண்ணின் பதறாத அமைதி, எல்லாம் அளவு பிசகாமல், அவள் செய்ததைவிட ஒரு பிடி கூடவே திறமாக. விதுசா மற்றக் கையால் தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள். வாய் மூடித்தான் இருந்தது.

"பயப்பிடத் தேவையில்லை, தங்கச்சி" என்றது தொலைபேசி. "எல்லாம் ஞானசேகரத்தின்ர பொறுப்பு. அருவிதான் நிண்டிட்டுதெல்லே. லைட்டைப் போட்டு, படியைப் பாத்து, உடுப்பைத் தூக்கிக்கொண்டு மேல வாங்கோ." அதற்குப் பிறகு மேலே குசினியில் அம்மா சிரிக்கத் தொடங்கினாள். அது எப்படித் தொடங்குகிறது என்று விதுசா இந்த முறை காது கொடுத்துக் கேட்டாள்.